பார்க்கர் ஷாஃப்ட் எதிரில் நின்றுபோகும் கார்

தாமோதரனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மைன்காரர் குடியிருப்பான லைனில் முதலில் சொன்னது யார் என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மங்கம்மாவைக் கேட்டால் குழாயடியில் பேசிக்கொண்டார்கள் என்பாள். குழாயடியில் கேட்டால் மங்கம்மாதான் சொன்னாள் என்பார்கள். யார் சொன்னதோ, அது நந்திதுர்க்கைத் தாண்டி, மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய், காலை ரயிலில் ஏறி, பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன் ரூபேஷின் காதிலேயே விழுந்துவிட்டது. அந்த ரயிலில் மனிதர்களுக்குத்தான் உட்கார இடம் கிடைப்பதில்லை. வதந்திக்கு ஜன்னலோர சீட்டே கிடைக்கும்.

விஷயம் இவ்வளவுதான். தாமோதரன் ஓட்டிப் போகிற கார், பார்க்கர் ஷாஃப்ட் எதிரில் வந்ததும் நின்றுபோகிறது. வேறெங்கும் நிற்பதில்லை. பேத்தமங்களா ஏரி வரைக்கும் போய்வருகிறது, ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்துவருகிறது, ஒரு குறை கிடையாது. பார்க்கர் எதிரில் மட்டும் உயிரை விடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது.

பார்க்கர் என்பது மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் வாய். மேலே இரும்புக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்த சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் ஆள் நின்று வேலை செய்த லெவல்கள் எல்லாம் இப்போது தண்ணீருக்குக் கீழே. பழைய டிராலித் தண்டவாளம் ரோட்டைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தார் தேய்ந்து, தண்டவாளம் மட்டும் பல் மாதிரி எழும்பி நிற்கும். கார் நிற்கிற இடம் அந்தத் தண்டவாளத்தின் மேல்.

அந்த பார்க்கரில்தான் தாமோதரன் வைண்டிங் டிரைவராக இருந்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றிக் கீழே இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் கை. மைன் மூடிய பிறகு பென்ஷன், வீட்டுக்குப் பின்னால் நாலு முருங்கை மரம், ரூபேஷ் வாங்கி நிறுத்திய பழைய டீசல் கார். எழுபதைத் தாண்டியவர் ஸ்டியரிங் பிடிக்கும் நேர்த்தியைப் பார்த்து லைனே கண் வைத்தது. கண் பட்டுவிட்டது என்றுதான் அவர் மனைவி பாப்பம்மாகூட முதலில் நினைத்தாள். எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரத்தடியில் வைத்தாள். கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போய் பார்க்கர் எதிரில் நின்றது.

நிற்பது பெரிதில்லை. நின்றபின் கேட்கும் சத்தம்தான்.

இன்ஜின் ஒரு உதறு உதறி அடங்கும்போது, டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து, டக், டக், டக். மூன்று. அப்புறம் ஒன்றும் இல்லை; காற்று மட்டும், தங்கம் பிரித்த சக்கையைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து பொடியை வாரிக்கொண்டு வந்து கண்ணாடியில் தேய்க்கிற காற்று.

தாமோதரன் இதைப் பாப்பம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"மூணு அடிக்குது பாப்பா."

"இன்னா மூணு?"

"மணி. கீழேர்ந்து அடிப்பாங்கல்ல, அது."

சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். பாப்பம்மா யாரிடமும் சொல்லவில்லை. மங்கம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

மைன்காரர் வீட்டில் பிறந்த யாருக்கும் அந்த மூன்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கீழே லெவலில் நிற்கிறவன் கயிற்றை இழுத்து மூன்று மணி அடித்தால், ஆட்கள் கேஜில் ஏறுகிறார்கள், தூக்கு என்று பொருள். மேலே வைண்டரில் இருப்பவன் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். பதில் மணி கேட்டால்தான் கீழே இருப்பவன் கேஜுக்குள் கால் வைப்பான். பதில் அடித்துவிட்டால் தூக்கியே ஆக வேண்டும். அது சத்தியம் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூபேஷ் வந்தான். வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பார்க்கர் வழியாக ஒரு ஓட்டு ஓட்டினான். கார் தண்டவாளத்தின் மேல் தடதடவென்று தாண்டிப் போயிற்று. திரும்பி வரும்போதும் தாண்டிற்று. தாமோதரன் என்ன சொல்வது? நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காரோட்டுகிற எவனாவது சொல்வானா?

"நின்னுதாப்பா? நிக்கலல்ல?" என்றான் ரூபேஷ். "ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம். வண்டிக்கு இல்ல, உங்களுக்கு."

"எம் புருஷனுக்கு ஒண்ணும் இல்லடா," என்றாள் பாப்பம்மா. "வண்டிக்குத்தான் இன்னாவோ கீது."

"வண்டி நல்லாத்தான்ம்மா ஓடுது. மணி அடிக்குதுன்னு சொன்னாராமே? ரயில்ல எனக்குத் தெரியாதவன்லாம் வந்து, உங்கப்பா எப்படிக் கீறார்னு கேக்குறான். சும்னே பிடிவாதம் வேணாம். வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் பெங்களூர் வந்துடுங்க. லிஃப்ட் கீது, பால்கனி கீது."

"லிஃப்டு," என்றார் தாமோதரன். அவ்வளவுதான் சொன்னார். ஆயுசு முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிய மனிதனுக்கு மகன் லிஃப்ட் காட்டுகிறான்.

கடைசியில் பாப்பம்மா அழுது, ஒரு தவணை வாங்கினாள். மெக்கானிக் சைலஸ் பார்க்கட்டும். வண்டியில் கோளாறு என்று அவன் எடுத்துக் காட்டினால் சாவி அப்பாவிடமே இருக்கும். காட்டாவிட்டால் அடுத்த ஞாயிறு சாமான் கட்டுவது. ரூபேஷ் தலையாட்டிவிட்டு மாலை ரயிலுக்குப் போனான்.

தாமோதரனுக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை என்று பாப்பம்மா சொன்னதை நம்பலாம். அவருக்குச் சாவி போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த மூன்று டக்கைக் கேட்டது அவர் ஒருவர்தான். பின்சீட்டில் இருந்த பாப்பம்மாவுக்குச் சின்னச் சத்தம் காதில் விழாது. சத்தம் காரில் இருக்கிறதா, தன் மண்டைக்குள் இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

சைலஸைப் பற்றி இரண்டு வார்த்தை. சர்ச்சில் கிடார் வாசிப்பான். ஆண்டர்சன்பேட்டை ரோட்டில் தகரக் கொட்டகை, அதன் மேல் 'கார் கிளினிக்' என்று பலகை. கையில் வேலை ஓடுவதற்கு முன்னால் வாயில் ஓடிவிடும். பெங்களூரிலிருந்து வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனர் வாங்கி வந்ததிலிருந்து சட்டைப் பையில் பேனா வேறு குத்திக்கொள்கிறான்.

ஸ்கேனரைக் காரில் சொருகிப் பார்த்துவிட்டு, வாய் முழுக்கச் சிரித்தான்.

"மாமா, ஒண்ணுமே இல்ல. பிரஷர் சென்சாரு. டீசல பம்பு அழுத்தி ஒரு குழாய்ல வெச்சுக்கும். எவ்ளோ அழுத்தம் கீதுன்னு இந்தச் சென்சாருதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். இது உளறுனா கம்ப்யூட்டரு பயந்துபோய் இன்ஜினை ஆஃப் பண்ணிடும். மாத்திட்டாப் போச்சு."

"அது பார்க்கர் எதிர்ல மட்டும் ஏன் உளறுது?"

"அதுக்கு எந்த எடம்னு தெரியுமா மாமா? உங்களுக்குத்தான் தெரியும்."

புது சென்சார் வந்தது, மாட்டியாயிற்று, சைலஸ் பலகைக்குக் கீழே நின்று கையாட்டி வழியனுப்பினான். புதன்கிழமை காலை தாமோதரன் தனியாகப் போனார். தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறியது. உதறல். டக், டக், டக்.

அவர் இறங்கவில்லை. கோபுரத்தையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வழியாகப் பால் கேனுடன் போன ஒருவன், பெரியவர் உதடு அசைந்தது என்று பிற்பாடு சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

உதடு அசைந்திருந்தால், யாரிடம் பேசியிருப்பார் என்பது லைனில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

முப்பது வருஷத்துக்கும் மேலே ஆகிறது. ஒரு பகல் ஷிஃப்ட்டில் ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதற்கு அந்தப் பெயர். வெடித்தால் மேலே வீடுகளில் ஓடு கடகடக்கும், சுவரில் சாமி படம் ஆடும், பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். அன்றைக்கும் ஓடினார்கள். ஷாஃப்ட்டைப் பரிசோதித்து முடிக்கும் வரை கேஜ் அசையக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், வழி சிதைந்திருந்தால் கேஜே நடுவில் மாட்டிக்கொள்ளும். தாமோதரன் கையை மடியில் வைத்துக்கொண்டு வைண்டரில் உட்கார்ந்திருந்தார். அப்போது மணி அடித்தது. மூன்று.

பதில் அடிக்க அவர் கை எழுந்தது. அடித்தால் தூக்க வேண்டும். தூக்க உத்தரவு இல்லை. கை மறுபடி மடிக்கு வந்தது. மணியும் மறுபடி அடிக்கவில்லை.

இரண்டு பேரை மறுநாள் பிணமாக எடுத்தார்கள். ஒருவன் ஏசுபாதம். இதே லைன், நான்கு வீடு தள்ளி. மணிக் கயிற்றுக்குக் கிட்டத்தில் கிடந்தான் என்று சிலர், இல்லை ரொம்ப உள்ளே கிடந்தான் என்று சிலர். விசாரணையில், வெடிப்பிலேயே இருவரும் முடிந்துவிட்டார்கள், மணிக் கயிற்றில் பாறை விழுந்து அது தானாக அடித்திருக்கும் என்று முடிவாயிற்று. மேலே நின்ற மற்றவர்கள் மணியே கேட்கவில்லை என்றார்கள். தாமோதரன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். ஏசுபாதத்தின் பெண்சாதி ஞானசுந்தரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பம்மாவோடு பேசுவாள், ரூபேஷுக்கு கேக் கொடுத்தனுப்புவாள். கார் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தாமோதரன் சர்ச்சுப் பக்கம் போகும்போது, "ஏறிக்கம்மா, எறக்கி உட்றேன்," என்பார். "நடந்தாதான் எனக்கு முட்டி நல்லாருக்கு," என்பாள். முட்டியைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். லைன் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை நின்ற காரை மெதுவாகக் கிளப்பி, தாமோதரன் நேரே சைலஸிடம் போனார்.

"நிக்குதுடா."

சைலஸுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்கேனரை மறுபடி சொருகினான். இந்தத் தடவை பேனாவை எடுத்து, திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"பிரஷர் சென்சார் சர்க்யூட், வோல்டேஜ் கம்மி." தலையைச் சொறிந்தான். "மாமா, போன தடவையும் இதேதான் வந்துச்சு. சென்சார்னு பாத்த ஒடனே மாத்திட்டேன். பின்னாடி சர்க்யூட்னு ஒண்ணு கீது, அத்த வுட்டுட்டேன்."

"இத்தினி நாளா இன்னா படிச்சே?"

"சர்ச்சுல பாட்டுப் புஸ்தகமே நான் மொத வரிதான் மாமா படிப்பேன்."

சென்சாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தான். மூன்று ஒயர். ஒன்றில் கம்ப்யூட்டர் ஐந்து வோல்ட் அனுப்புகிறது. இன்னொன்று எர்த். மூன்றாவதில் சென்சார் தன் சேதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐந்து சரியாக ஐந்து இருந்தது. எர்த் சரி. பிளக்கில் துரு இல்லை, சயனைட் பொடி இல்லை. கொட்டகைக்குள் எல்லாம் சரி.

"இங்க நல்லாத்தான் கீது," என்றான் சைலஸ்.

தாமோதரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் சொன்னதும் இதுதான். இனி சைலஸ் போன் போட்டு, வண்டியில் ஒன்றும் இல்லை என்று ரூபேஷிடம் சொல்லிவிடுவான். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போதும் டக், டக், டக் என்று கேட்டால் என்ன செய்வது?

"மாமா, இன்னா யோசன? வாங்க, பார்க்கருக்குப் போலாம்," என்றான் சைலஸ்.

"நீயுமா?"

"எங்க வலிக்குதோ அங்கதானே கை வெக்கணும்."

பிளக்கை மாட்டி, அதன் முதுகில் ஊசி குத்தி, ஐந்து வோல்ட் ஒயரிலிருந்து நீள ஒயர் இழுத்து, பானெட் இடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் கொண்டுவந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். நோயாளிக்கு குளுகோஸ் ஏற்றிக்கொண்டு போவது போல அந்தக் கார் பட்டப்பகலில் ஆண்டர்சன்பேட்டையைக் கடந்துபோனதைப் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள்.

பார்க்கர் வந்தது. தாமோதரன் எப்போதும் போல வேகத்தைக் குறைத்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டார். எதிரில் கோபுரம். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறிற்று. கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"அஞ்சு," என்றான் சைலஸ். "அஞ்சு. அஞ்சு. ஐயோ, சைபர்!"

இன்ஜின் உதறி அடங்கியது. டக், டக், டக்.

சைலஸ் குதிக்காத குறை. தாமோதரன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது.

"கேட்டுச்சா?"

"இன்னா?"

"சத்தம்டா. கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு மாமா. ரிலே. டேஷுக்குள்ள இருக்கும். கரண்டு போயிப் போயி வந்தா டக்கு டக்குன்னு அடிக்கும்."

"எத்தினி?"

"எத்தினின்னா?"

"எத்தினி தடவ அடிச்சுது?"

"நான் மீட்டரப் பாத்துகினு இருந்தேன். மூணு இருக்கும். நாலாவும் இருக்கும்."

தாமோதரன் கையை எடுத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இன்னொரு மனிதன், எனக்கும் கேட்டது என்று சொல்கிறான். எண்ணிக்கையில் மட்டும் இடிக்கிறான். போகட்டும்.

சைலஸ் இறங்கி பானெட்டைத் தூக்கினான். சாவியைப் போட்டு வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்துச் சொல்லும்படி மாமாவிடம் கொடுத்தான். ஒயர்க் கட்டைச் சென்சாரிலிருந்து பின்பக்கமாகக் கையால் தடவி, பிடித்த இடத்திலெல்லாம் ஆட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா?"

"அஞ்சு."

"இப்போ?"

"அஞ்சு."

"இங்க?"

மீட்டரில் எண் செத்தது. டேஷ்போர்டுக்குள் டக்.

"சைபர்," என்றார் தாமோதரன்.

"சிக்கிட்டான்!" சைலஸ் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே குனிந்தான். கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தான். பிறகு டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டான். "மாமா, இத்த யாரு கட்டுனது?"

தாமோதரன் இறங்கிப் போய்ப் பார்த்தார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டை. ஒயர்க் கட்டு அதோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது மஞ்சளும் சிவப்புமாய் முறுக்கிய பிளாஸ்டிங் ஒயர். வெடி வைக்கப் பயன்பட்ட அந்த ஒயர் இல்லாத வீடு லைனில் கிடையாது. மைன் இருந்த காலத்தில் வந்தது இன்னும் தீரவில்லை. துணி காயப்போட அது, கூடை பின்ன அது, கொசுவலை கட்ட அது, பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் காது உடைந்தால் அதற்கும் அதுதான். அறவே அறாது. மேலே போட்டிருந்த முடிச்சு ஷாஃப்ட் ஆட்கள் போடுகிற முடிச்சு. தாமோதரனுக்குத் தன் முடிச்சு தெரியாதா?

தீபாவளிக்கு முன்னால் பானெட்டைத் திறந்தபோது பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்து ஒயர்க் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிடலாமா என்று அவர்தான் கட்டினார். நன்றாக, காலத்துக்கும் நிற்கிற மாதிரி.

"நீங்க இறுக்குன இறுக்குல ஒயரு தோலே வெட்டிப்போச்சு," என்றான் சைலஸ். "உள்ள செம்புக் கம்பி தெரியுது பாருங்க. தண்டவாளத்துல ஃபர்ஸ்ட் கியர்ல ஏறும்போது இன்ஜின் திமிறிச் சாயுது, கம்பி இரும்புல படுது. அஞ்சு வோல்ட்டும் எர்த்தாயிடுது, இன்ஜின் நின்னுபோவுது. நிக்கும்போது இன்ஜின் ஆடுதுல்ல, கம்பி பட்டுப் பட்டு விலகுது, ரிலே அடிக்குது. உங்க மவன் வேகமாத் தாண்டிட்டாரு, அவருக்குச் சாயல. தானா அடிக்குது மாமா. ஆள் கீள் ஒண்ணும் இல்ல."

தானாக அடிக்கிறது. ஆள் இல்லை. விசாரணையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சொன்ன அதே வார்த்தை. அப்போது தாமோதரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சரி சார் என்றார்.

"ஏண்டா சைலஸ்," என்றார் இப்போது. "ஒயரு தானா அடிக்கறதுக்கும் ஆள் அடிக்கறதுக்கும் சத்தத்துல வித்தியாசம் தெரியுமா?"

"சத்தத்துல எப்படி மாமா தெரியும்? ரெண்டுக்கும் ஒரே டக்குதான். மீட்டர் வெச்சு, ஒயரு கூடவே கை வெச்சுகினு போயிப் பாத்தாத்தான் தெரியும்."

"போயிப் பாத்தாத்தான்," என்றார் தாமோதரன்.

கோபுரத்தடியில் கான்கிரீட் மூடி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதற்குக் கீழே தண்ணீர். தண்ணீருக்குக் கீழே அந்த லெவல். கயிறு இன்னும் தொங்குகிறதோ, மக்கிவிட்டதோ. அங்கே மீட்டரை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. இனிமேல் யாராலும் போக முடியாது.

சைலஸ் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"வெட்டாதே," என்றார் தாமோதரன்.

"மாமா?"

"ஒரு தடவ. ஒரே தடவ தாண்டிட்டு வந்துட்றேன். அப்பறம் வெட்டு."

சைலஸுக்கு என்னவோ போல் இருந்தது என்று அவனே பிற்பாடு கிடார் பையன்களிடம் சொன்னான். மீட்டர் கண்டுபிடித்த கோளாறை மறுபடி ஓட்டிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஆனால் பெரியவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியதை வைத்தே விஷயம் பெரிது என்று தெரிந்துகொள்ளலாம்.

கார் பின்னால் போய்த் திரும்பி வந்தது. ஃபர்ஸ்ட் கியர். தண்டவாளம். சாய்வு. உதறல்.

டக், டக், டக்.

தாமோதரனின் வலது கை எழுந்தது. இந்தத் தடவை மடிக்குத் திரும்பவில்லை. ஸ்டியரிங் நடுவில் ஹார்ன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒன்று. இடைவெளி விட்டு, ஒன்று. இடைவெளி விட்டு, இன்னொன்று.

ஹார்ன் சத்தம் கோபுரத்தில் பட்டு லைன் பக்கம் போயிற்று. பகல் நேரம். லைனில் பழைய ஷிஃப்ட் ஆட்கள் சோற்றுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். ஹார்ன் அடிக்காத கார் ஊரில் உண்டா? ஆனாலும் அந்த இடைவெளி அவர்கள் காதுக்குத் தெரிந்தது. சொல்லிவைத்த மாதிரி மூன்று நான்கு கதவு திறந்தது. பனியனோடு வந்து நின்றார்கள். வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஞானசுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள் என்று மங்கம்மா சொல்கிறாள். வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

சைலஸ் பிளாஸ்டிங் ஒயரை வெட்டினான். தோல் போன இடத்தில் டேப் சுற்றி, மேலே குழாய் போட்டு, இரும்புக்கு எட்டாத இடத்தில் கிளிப் போட்டான். செம்பு தெரிந்த ஒயரைப் போட்டோ எடுத்து ரூபேஷுக்கு அனுப்பினான். ரூபேஷ் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். ஸ்கேன் பேச்சு, பால்கனிப் பேச்சு இரண்டும் அதோடு நின்றது. சாவி ஆணியில் அதன் இடத்துக்குத் திரும்பியது. மங்கம்மா, நான் அப்பவே சொன்னேனே வண்டிலதான் கோளாறுன்னு, என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாமோதரன் காரை எடுத்தார். பின்சீட்டில் பாப்பம்மா, பேத்தமங்களாவில் காய் வாங்கப் பையோடு. ஞானசுந்தரி வெள்ளைப் புடவையில், பைபிளை மார்போடு அணைத்து, முட்டியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். கார் பக்கத்தில் போய் நின்றது. இத்தனை வருஷமாகக் கேட்கிற கேள்வியைத் தாமோதரன் அன்றைக்குக் கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு ஆர்ன் அடிச்சது நீதானா?"

"ஆமாம்மா."

"மூணா?"

"மூணு."

ஞானசுந்தரி ரோட்டைப் பார்த்தாள். அவள் அழுவாள், அல்லது பைபிளாலேயே ஒன்று வைப்பாள் என்று பின்சீட்டில் பாப்பம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. ஞானசுந்தரி முன்கதவைத் திறந்து, முதலில் பைபிளை வைத்து, பிறகு முட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தாள்.

"சர்ச்சுக்கு லேட்டாவுது. எடு."

லைன் முழுக்க ஜன்னலில் நின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம் நடந்தது பாப்பம்மா சொல்லித்தான் தெரியும். இதையும் அவள் மங்கம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

பார்க்கர் தண்டவாளம் வந்ததும் தாமோதரன் எப்போதும் போல ஃபர்ஸ்ட் கியருக்கு வந்தாராம். கார் ஏறிச் சாய்ந்து, அந்தப் பக்கம் இறங்கிற்று. நிற்கவில்லை. டக் என்று ஒரு சத்தம் வரவில்லை. வண்டி முழுசாகக் குணமாகிவிட்டது.

ஆனால் தாண்டுகிற அந்த நேரத்தில் அவர் காது கொடுக்கிற மாதிரி தலையைக் கொஞ்சம் டேஷ்போர்டு பக்கம் சாய்த்தாராம். பாப்பம்மா இந்தப் பக்கம் பார்த்தால், ஞானசுந்தரியும் சாய்த்துக்கொண்டிருந்தாளாம்.